கட்டிங் மாஸ்டர் தேவை: ஒருவர்

நூற்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பன்னிரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பலகை நின்றது. பஸ் எப்போது வரும், மழை எப்போது வரும் என்றெல்லாம் அது சொல்லாது. ஒரே ஒரு எண்ணைத்தான் காட்டும்: ஊரின் வேலையின்மை விகிதம், புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கத்துடன். அதன் பச்சை வெளிச்சத்தில் மூன்று தெருக்காரர்கள் விளக்கே போடாமல் பூண்டு உரித்தார்கள். ஒருமுறை காக்கை ஒன்று அந்தப் புள்ளியின் மேல் உட்கார்ந்து அதை மறைத்துவிட, விகிதம் எங்கேயோ போய்விட்டதென்று மேயர் மயங்கி விழுந்து, அவர் முகத்தில் தண்ணீர் தெளிக்க நாற்பது பேர் ஓடினார்கள். தெளித்த நாற்பது பேருக்கும் அந்த வாரம் வேலை செய்ததாகப் பதிவும் ஆயிற்று.

அந்தப் புதன்கிழமை காலை பலகை 0.0002 என்று காட்டியது. மற்றவர்களுக்கு அது எண். தன்ஷிகாவுக்கு மட்டும் அது ஒரு முகம். நரைத்த கிருதா, காதில் செருகிய சாக்பீஸ், தேய்ந்துபோன முட்டி. ஊரில் வேலை செய்கிறவர்களும் தேடுகிறவர்களும் சேர்த்து ஐந்து லட்சம் பேர். அதில் மிச்சமிருந்த ஒரே ஒரு வேலையில்லாதவர் கிருத்திக் மாஸ்டர். ஐந்து லட்சத்தில் ஒருவர் என்றால் 0.0002 சதவீதம். கணக்கு சுத்தம்.

ஊரில் வேலை நிலையைச் சரிபார்க்க மிச்சமிருந்த ஒரே சரிபார்ப்பாளர் தன்ஷிகா. வயது நாற்பத்தொன்பது, நடையைப் பார்த்தால் தொண்ணூறு சொல்லலாம். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் பட்டியலில் பதினோராயிரம் பேர் இருந்தார்கள். வாரம் முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கி, அதே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கேட்டு, தூக்கத்திலும் தலையணையிடம் கேட்கும் அளவுக்கு ஆகியிருந்தாள்.

கேட்கிற வேலையைப் பெரும்பாலும் காப்பே செய்துவிடும். பதினைந்து வயது ஆன ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு நிலைக்காப்பு உண்டு. வேலையில் இருந்தால் பச்சை, தேடினால் மஞ்சள், இரண்டுமில்லை என்றால் சாம்பல். காலை ஆறு மணிக்கு அது தேன் ஒழுகும் குரலில், "வணக்கம், நேற்று வேலை தேடினீர்களா?" என்று கேட்கும். பல் துலக்கும்போது கேட்கும். காய்ச்சலில் கிடந்தால் இன்னும் கனிவாகக் கேட்கும். அதன் தொல்லை தாங்காமல் 'இல்லை, ஆளை விடு' என்றவர்கள் ஆயிரக்கணக்கில். ஒருமுறை ஒருவருடைய குறட்டையை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு காப்பு அந்தத் தெருவையே சாம்பலாக்கிவிட, அதிலிருந்து சட்டம் வந்தது: மஞ்சளுக்குள் வருவதையும் மஞ்சளைவிட்டுப் போவதையும் ஒரு மனிதர் நேரில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அந்தச் சட்டத்தின் மேல்தான் தன்ஷிகாவின் வீட்டு அடுப்பு எரிந்தது.

விகித அதிகாரி காளியண்ணன் முப்பத்தெட்டு வயது இளைஞர். அவர் பிறந்த சமயத்தில் பழைய பேர்கள்தான் நாகரிகம். கிருத்திக், தன்ஷிகா என்பதெல்லாம் கிழடுகளின் பேராகிவிட்டிருந்தன.

"வாங்க்கா, ஒக்காருங்க. வெள்ளிக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்கு விழா. அதுக்குப் பேச்சு எழுதிட்டிருக்கேன், கேளுங்க" என்று தொண்டையைச் செருமினார் காளியண்ணன். "விகிதம் பூச்சியம் ஆனதால், நம் ஊரில் அனைவருக்கும் வேலை. எப்படீங்க்கா?"

"தப்புங்க சார்."

"எழுத்துப் பிழையா?"

"கணக்கே பிழைங்க. பூச்சியம்னா எல்லாத்துக்கும் வேலைன்னு ஆகாது. தேடறவங்க யாருமில்லைன்னு மட்டுந்தான் ஆகும்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க்கா?"

தன்ஷிகா நாற்காலியில் சாய்ந்தாள். இதை அவள் இதுவரை ஆறு அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆறு பேரும் புரிந்துகொண்ட அன்றைக்கே மாற்றலாகிப் போனார்கள்.

"ஊர்ல பதினஞ்சு வயசுக்கு மேல ஒம்பது லட்சம் பேருங்க. வேலை செய்யறவங்களையும் தேடறவங்களையும் கூட்டினா உழைப்பாளர் படை. அது அஞ்சு லட்சம். அதுக்குள்ள தேடறவங்க எத்தனை பங்குங்கறதுதான் வேலையின்மை விகிதம். மிச்சம் நாலு லட்சம் பேரு அந்தக் கணக்குக்குள்ளயே வர மாட்டாங்க."

"அவங்க படிக்கறவங்க, வயசானவங்க, ஊட்ல புள்ளை பாக்கறவங்க."

"பாதிப்பேரு அப்படித்தானுங்க. மிச்சப்பேரு தேடித்தேடி அலுத்து ஒக்காந்தவங்க. மனந்தளர்ந்தோர்னு அவங்களுக்குத் தனியாப் பேரு இருக்குது. ஒருத்தர் தேடறத விட்டுட்டா அவருக்கு வேலை கெடைக்கலீன்னாலும் விகிதம் கொறையுமுங்க."

"அந்த வார்த்தை மேடைக்கு வேண்டாமுங்க்கா, அபசகுனமா இருக்குது." அவர் தாளில் எதையோ அடித்துத் திருத்தினார். "மொத்தத்துல எத்தனை பேர் படைக்குள்ள இருக்காங்கங்கறதுக்கும் ஒரு பலகை இருக்குதல்ல?"

"பங்கேற்பு விகிதம். பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்குப் பின்னால, தீப்பெட்டி அளவுல இருக்குதுங்க. போன மாசம் பல்பு போயிருச்சு."

காளியண்ணன் அதை மாற்றச் சொல்லவில்லை. பேச்சை மடித்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அந்தக் கட்டிங் மாஸ்டர் ஒருத்தர்தான் பாக்கி. ஒருமணி வேலை எத்தனை குடுத்துப் பாத்தோம். தானாத் தெறக்கற கதவுக்கு முன்னால நின்னு 'தெறக்கட்டும்'னு சொல்ற வேலை. வாரத்துல ஒரே மணி நேரம். தொள்ளாயிரம் பேரு சந்தோசமாப் பாக்கறாங்க. அவரு, 'துணி எங்கீங்க, வெட்டறதுக்கு?'ன்னு கேட்டுட்டு வந்துட்டாரு."

"ஒரு மணி நேரம் செஞ்சாலே கணக்குல வேலைதானுங்க. ஆனா அவரு கணக்கு வேற."

"நாளைக்கு நீங்களே கூடப்போயி அவரு தேடறத நேர்ல பாருங்க. அவரு தொழில்ல ஊருக்குள்ள ஒரு காலியிடமாச்சும் போர்டுல இருந்தாத்தான் தேடல் செல்லும். இல்லாத எடத்துல தேடினா அது தேடலே இல்லை. படைக்கு வெளியேன்னு போட்டுருங்க."

"போட்டா என் வேலை?"

காளியண்ணன் கெட்டவரில்லை. அதனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேக்கறதுக்கு ஆளில்லீன்னா, கேக்கற ஆளு எதுக்குங்க்கா? ஆனா நீங்க போகலீன்னா தலைநகர்லருந்து ஒருத்தர் வருவாரு. அவருக்கு மாஸ்டர் வாயிலிருந்து 'இல்லை' வரவைக்க அரை நிமிசம் போதும்."

வீட்டில் கணவன் சர்வேஷ் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பனியன், வேட்டி. பதினான்கு மாதமாக அதே கோலம். ஒரு காலத்தில் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிற ஆள் அவன். நூற்று நாற்பது வகை நீலத்தைக் கண்ணாலேயே பிரிப்பான். இரண்டு நீலத்துக்கு நடுவே ஒரு சொட்டு பால் வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடிப்பான் என்று பட்டறையில் சொல்வார்கள். பிறகு நூற்று நாற்பத்தொரு வகை பிரிக்கும் கருவி வந்தது.

மஞ்சள் காப்போடு இரண்டு வருடம் அலைந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, அடுப்படியில் நின்றபடியே தன்ஷிகா அவனிடம் மூன்று கேள்வியையும் கேட்டாள். குடும்பத்துக்கு விதிவிலக்கு இல்லை. கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடினீர்களா என்றதும் அவன் சிரித்துவிட்டு, "இல்லை தன்ஷி. உங்கிட்டப் போயி பொய் சொல்றதா?" என்றான். அவள் உள்ளதை உள்ளபடி பதிந்தாள். அவன் மணிக்கட்டு அவள் கண்ணெதிரே சாம்பலாயிற்று.

முதல் நாள் பத்து மணி வரை தூங்கி, 'அப்பாடா, அந்த ராட்சசி வாயை மூடினாள்' என்று கொண்டாடினான். நான்காம் நாள் காப்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு சட்டை போடுவதை நிறுத்தினான். எங்கே போவதற்குச் சட்டை? அவன் அவளைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

"நாளைக்குக் கடைசி ஆளுங்க. அவர முடிச்சா நானும் ஊட்டோடதான்" என்றாள்.

சுவர்ப் பக்கமிருந்து பதில் வந்தது. "அவருக்கும் சாம்பலா?"

அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை கிருத்திக் மாஸ்டர் வாசலிலேயே தயாராக நின்றார். அறுபத்தொரு வயது. இஸ்திரி போட்ட சட்டை, துணிப்பைக்குள் பத்து இஞ்ச் கத்திரி, கையில் இரண்டு டம்ளர் வரக்காப்பி.

"வாங்க அம்மணி. இன்னிக்குக் கேள்வி மட்டுமில்ல, ஊர்வலமும்னு ஆபீஸ்லருந்து சொன்னாங்க."

"கஷ்டப்படுத்தறேனுங்க மாஸ்டர்."

"அட நீங்க வேற. வாரத்துல ஒருநாளு நீங்க வர்றதுதான் எனக்குத் தேதி காட்டற காலண்டரே."

கம்பெனி வீதியில் நடந்தார்கள். மைல் கணக்கில் பனியன் கம்பெனிகள். உள்ளே விளக்குகூடக் கிடையாது. இயந்திரத்துக்கு எதற்கு வெளிச்சம்? மாஸ்டர் ஒவ்வொரு கேட்டிலும் நின்று, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, சத்தமாகக் கேட்டார்: "ஆள் வேணுங்களா?"

"வணக்கம். தற்போது தேவையில்லை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்றது கேட்.

அடுத்த கேட்டும் அதையே சொன்னது. பதினேழாவது கேட் அவரைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய், "மாஸ்டர், நேத்துதானே வந்தீங்க? முட்டி எப்படி இருக்குது?" என்று விசாரித்தது.

"எறங்கறப்பத்தான் வலிக்குது, ஏறறப்ப தெரியலே" என்று அவரும் நின்று பதில் சொன்னார். "ஆனாலும் ஆள் வேண்டாமில்ல?"

"வேண்டாமுங்க மாஸ்டர்" என்றது கேட், உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரி.

இருபது கேட்டுக்கு ஒருமுறை அவர் மதில்மேல் கை வைத்து நின்றார். நாற்பதாவது கேட்டில் தன்ஷிகாவும் அவரோடு சேர்ந்து கை வைத்தாள்.

"அந்தக் காலியிடம் எங்கீங்க மாஸ்டர்? வாராவாரம் பதிவுல ஒரு கம்பெனி பேரு சொல்லுவீங்களே, வெண்புறா நிட்டிங்."

"அது கடைசியிலீங்க. இன்னிக்குப் போகோணுமா? வெயிலு எச்சா இருக்குது."

"அதப் பாக்கத்தானுங்க வந்ததே."

வெண்புறா நிட்டிங் வீதியின் கோடியில் இருந்தது. கேட்டின் மேல் காகிதப்பூக் கொடி ஏறி, பூட்டையே விழுங்கியிருந்தது. உள்ளே கூரை இல்லை. ஒரு பப்பாளி மரம் மட்டும் மேலாளர் மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஆனால் வெளிச்சுவரில், வெள்ளையடித்த சதுரத்துக்குள், சிவப்புப் பெயிண்டில் பளிச்சென்று எழுதியிருந்தது:

கட்டிங் மாஸ்டர் தேவை – 1
நேரில் வரவும்

இந்த ஊரின் சுவர்களில் ஒரு காலத்தில் இப்படித்தான் எங்கு பார்த்தாலும் இருக்கும். டெய்லர் தேவை, செக்கிங் தேவை, கைமடி தேவை. தன்ஷிகா சின்னப் பிள்ளையாக எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே அவற்றைப் பார்த்துத்தான். எத்தனையோ வருடம் கழித்து ஒன்றைப் பார்த்ததில் அவளுக்கு ஒரு கணம் மனசு குதித்தது. அப்புறம்தான் கவனித்தாள். ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி, சரியாக அரை இஞ்ச் தள்ளி, மெல்லிய புள்ளிக்கோடு ஒன்று ஓடியது. 'க'வின் வளைவைச் சுற்றிலும் வளைந்து, கடைசியில் இருந்த '1'ஐக்கூட விடாமல் சுற்றிவந்து.

மாஸ்டர் நடைபாதையில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்."

"சொல்லுங் அம்மணி."

"எழுத்தச் சுத்தி எதுக்குங்க புள்ளி வெச்சிருக்குது?"

"தையலுக்கு இடம் விடோணுமல்லங்க" என்றார் மாஸ்டர்.

முப்பத்தைந்து வருடப் பழக்கம், கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் சுவரை அண்ணாந்து பார்த்தார். இரண்டு வருடமாகத் தன் கை செய்துவந்ததை அவரே அப்போதுதான் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

ஒரு லாரி ஆளில்லாமல் கடந்து போனது. தன்ஷிகா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்களே எழுதி, நீங்களே வந்து கேட்டுட்டிருந்தீங்களா?"

"மழை பேஞ்சா அழிஞ்சு போகுமுங்க. மறுக்கா எழுதுவேன். போன சனிக்கிழமைகூட ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சேன்."

"எதுக்குங்க மாஸ்டர்? நாலு வாரம் தேடாம இருந்தா காப்பு வாயை மூடிக்கும். முட்டிக்கும் நிம்மதி."

மாஸ்டர் பையிலிருந்து கத்திரியை எடுத்து, திறந்து, மூடினார். ஒரு பிசிறும் இல்லாத சத்தம் வந்தது.

"நீங்க மொதல்மொதல்ல வந்தப்ப பட்டியல் ஒரு கத்தையா இருந்துதுங்க. ரெண்டு கையிலயும் தூக்கிட்டு வந்தீங்க. அப்பறம் பத்துத் தாளு. அப்பறம் ஒரு தாளு. போன வருசத்துலருந்து என்ற பேர மட்டும் உள்ளங்கையில எழுதிட்டு வாரீங்க. நான் கட்டிங் மாஸ்டருங்க அம்மணி. துணி இன்னும் எத்தன சுத்து மிச்சம்னு பாக்கறதுதான் என்ற வேலை. நான்தான் கடைசிச் சுத்துன்னு தெரியாதுங்களா?"

அவள் உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள்.

"ஒருநாளு காப்பி குடிக்கறப்ப சொன்னீங்க, உங்க ஊட்டுக்காரர் சட்டையே போடறதில்லைன்னு. அதக் கேட்டதுக்கப்பறம் எப்படிங்க நிறுத்தறது? நான் தேடலீன்னா நீங்களும் சட்டை போடாத மாதிரித்தானே ஊட்ல ஒக்காரோணும்? வாரத்துக்கு ஆறு நாளு நடக்கறது, ஒருநாளு பெயிண்ட் அடிக்கறது. பெரிய காரியமில்லீங்க." கத்திரியைப் பைக்குள் வைத்தார். "ஆனா இப்ப முடியலீங்க. நெசமாச் சொல்றேன், முடியலீங்க. நேத்துப் பாதி வழில ஒக்காந்துட்டேன். அந்தப் பதினேழாவது கேட்டுதான் ஆட்டோ கூப்புட்டு ஏத்திவிட்டுச்சு."

தன்ஷிகா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். வியர்வையில் 'கிருத்திக்' பாதி அழிந்திருந்தது. இரண்டு வருடமாக ஊரில் யாருக்கும் வேலை கிடைக்கவில்லை, எல்லாரும் ஓய்ந்துபோனார்கள், தான் மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டோம் என்று நினைத்திருந்தாள். ஒரு மனிதர் முட்டி தேயத் தேய நடந்து அவள் வேலையைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பொய்யாக மஞ்சள் போட்டுவிட்டுப் போகலாம். நாளைக்கே தலைநகர் ஆள் வந்து சுவரைப் பார்ப்பான், அரை நிமிடம். உள்ளபடி போட்டால் சாம்பல். இந்த மணிக்கட்டும் அவள் கண்ணெதிரே சாம்பலாகும். அவள் எழுந்து, பின்பக்கத் தூசியைத் தட்டிவிட்டு, அலுவல் குரலுக்கு மாறினாள்.

"கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?"

"இல்லீங்."

"அவசரப்படாதீங்க மாஸ்டர். சனிக்கிழமை ரெண்டு கோட்டு அடிக்க எவ்ளோ நேரமாச்சு?"

"ஒண்ணேகால் மணி நேரமிருக்கும். புள்ளிக்கோட்டுக்குத்தான் நேரம் புடிக்கும்."

"யாருக்காக அடிச்சீங்க?"

"உங்களுக்காகத்தான்னு சொல்றேனல்லங்க."

"கூலி?"

"என்னங்க அம்மணி பேச்சு இது?"

"ஏழாம் விதி மாஸ்டர். இன்னொருத்தர் தொழில் நடக்கறதுக்காகக் கூலியில்லாம ஒருத்தர் வாரத்துல ஒரு மணி நேரம் ஒத்தாசை செஞ்சாலும் அவர் வேலையில் இருப்பவர். அப்பா அம்மா கடைல புள்ளைங்க பொட்டலம் மடிக்கறதுக்காகப் போட்ட விதி. ஆனா பெயிண்ட் அடிக்கக்கூடாதுன்னு அதுல எங்கியும் எழுதலே." அவள் தன் காப்பை அவருடைய காப்போடு ஒட்டினாள். "பணி: சரிபார்ப்பாளருக்கு உதவியாளர். நீங்க ரெண்டு வருசமா வேலையிலதான் இருந்திருக்கீங்க. நான்தான் தப்பாப் பதிஞ்சுட்டேன்."

காப்பு பச்சையாயிற்று. "வாழ்த்துகள்! நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள்!" என்று தேன் ஒழுகியது.

மாஸ்டர் மணிக்கட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், துணியின் நிறம் பார்க்கிற மாதிரி. கண் கலங்கியதை வெயிலின்மேல் போட்டார்.

"அப்ப உங்க வேலை?"

"வெளியேன்னு போட்டாலும் போகும், வேலைன்னு போட்டாலும் போகும். எப்படியும் போறதுதானுங்க. உங்க கை சாம்பலாகாமப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பலகையில் 0.0000 எரிந்தது. மேயர் இந்த முறை மகிழ்ச்சியில் மயங்கினார். பட்டாசுச் சத்தத்தில் காக்கைகள் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. காளியண்ணன் மேடையில், "நம் ஊரில் அனைவருக்கும் வேலை!" என்று முழங்கினார்; முழங்கும்போது மட்டும் தன்ஷிகா இருந்த பக்கம் பார்க்கவில்லை. அவள் கழுத்தில் பதக்கம் போட்டார்கள். பன்னிரண்டு ஐந்துக்குப் பதவி கலைக்கப்பட்ட உத்தரவு வந்தது.

வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் காப்பு பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே மின்ன ஆரம்பித்திருந்தது. "உங்கள் நிலை மாற்றத்தை உறுதிசெய்ய ஒரு சரிபார்ப்பாளர் நேரில் வருவார். தயவுசெய்து காத்திருக்கவும்."

"சார், யாரு வருவாங்க? இருந்த ஒரே ஆளு நான்தானுங்க" என்று காளியண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"அக்கா…" மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "உறுதியாகாத நிலை விகிதத்துல ஏறாதுங்க்கா. பலகைல பூச்சியம் அப்படியேதான் இருக்கும். உங்களால ஊருக்கு ஒரு சங்கடமும் வராது."

ஒரு வாரம் அவள் கம்பெனி வீதியில் நடந்தாள். தேடாமல் வீட்டில் உட்காரப் பயமாக இருந்தது. பதினேழாவது கேட் மாஸ்டரின் முட்டியைப் பற்றி அவளிடம் விசாரித்தது. ஆள் மட்டும் வேண்டாமென்றது. காலையில் காப்பு கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டு, காத்திருக்கவும், காத்திருக்கவும் என்றது. ஒன்பது லட்சம் பேரில் வேலை தேடுகிற ஒரே ஆள் அவள். அவளைக் கேட்பதற்குத்தான் யாருமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் யாரோ இருமினார்கள். கிருத்திக் மாஸ்டர். இஸ்திரி போட்ட சட்டை, மூச்சிரைப்பு, உள்ளங்கையில் சாக்பீஸால் எழுதிய ஒரு பேர்.

"வாங்க மாஸ்டர்! இந்த முட்டியோட மாடியேறி…"

"ஏறறப்ப வலிக்காதுங்க. காலைல காப்பு கேட்டுது, இந்த வாரம் ஒரு மணி நேரமாச்சும் வேலை செஞ்சீங்களான்னு. நான் சரிபார்ப்பாளருக்கு உதவியாளர்னுதானே பதிஞ்சிருக்கீங்க. அதான் என்ற வேலையப் பாக்க வந்தேன்." நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையைக் கண்ணுக்கு எட்டப் பிடித்து, குரலைச் சரிசெய்துகொண்டார். "தன்ஷிகாங்கறது நீங்கதானுங்களே?"

"மாஸ்டர், இது எங்கியும் ஏறாதுங்க. நீங்க கேட்டாலும் செல்லாது."

"செல்லுதோ செல்லலியோ, கேக்கறவங்க ஒருத்தர் வேணுமல்ல. கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இல்லை."

"கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடினீர்களா?"

"தேடினேன்."

"இன்றைக்கே வேலை கிடைத்தால் போவீர்களா?"

"போவேனுங்க மாஸ்டர்." பதினோராயிரம் பேரிடம் கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வி கேட்கப்படுவது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மாஸ்டர் உள்ளங்கையில் அவள் பேருக்குப் பக்கத்தில் சாக்பீஸால் கவனமாக ஒரு கோடு போட்டார். பிறகு பேரைச் சுற்றி அரை இஞ்ச் விட்டுப் புள்ளி வைக்கத் தொடங்கினார்.

உள்ளறையில் அலமாரிக் கதவு கிரீச்சிட்டது. இருவரும் திரும்பினார்கள். சர்வேஷ் அறை வாசலில் நின்றான், ஒரு நீலச் சட்டைக்குள் கையை நுழைத்தபடி. பதினான்கு மாதம் மடிந்து கிடந்த மடிப்பு அப்படியே நின்றது. சட்டை அவனுக்கு இரண்டு இஞ்ச் பெரிதாகிவிட்டிருந்தது. பட்டன்களை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான்.

"என்னையுங் கேளுங்க மாஸ்டர்."

மாஸ்டர் முதலில் அவன் தோளைத்தான் பார்த்தார். "கேக்கறனுங்க. அந்தச் சட்டையப் பொறகு கழட்டிக் குடுங்க, பக்கத்துல ஒரு இஞ்ச் புடிச்சாச் சரியாகும்." உள்ளங்கையில் இடமில்லாததால் அடுத்த கையை நீட்டிக்கொண்டார். முதல் கேள்விக்கு சர்வேஷ் இல்லை என்றான். இரண்டாவது கேள்விக்கும், தன்ஷிகாவைப் பார்த்துக்கொண்டே, இல்லை என்றான்; இந்த முறை சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பூச்சியங்கள் பட்டப்பகலிலும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

"இன்றைக்கே வேலை கிடைத்தால் போவீர்களா?"

மாஸ்டர் சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். சர்வேஷ் உள்ளே திரும்பி, கட்டிலுக்கு அடியில் குனிந்து, ஒட்டடையை விலக்கி, கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"தன்ஷி, என்ற செருப்பு எங்க?"